முற்றத்தில் பறவைநூல் கண்ட பெரியார்: கில்பர்ட் வைட்

அறிவு தேடுவார் கடல் கடந்தும் மலை கடந்தும் செல்லுதல் வேண்டும் என்பதும், விலையுயர்ந்த கருவிகளும் பெரிய ஆராய்ச்சிச் சாலைகளும் இன்றி விஞ்ஞானம் கைகூடாது என்பதும் நம்மில் பலர் கொண்டுள்ள எண்ணங்கள். இவை முற்றிலும் உண்மையல்ல என்பதைத் தம் வாழ்க்கையாலேயே மெய்ப்பித்துக் காட்டியவர் சிலர். அவருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் இங்கிலாந்து தேசத்துச் சிற்றூர்ப் பாதிரியாராகிய கில்பர்ட் வைட் என்பவர். பிறந்த ஊரிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து, வீட்டுத் தோட்டத்திலும் கோயிற் கூரையிலும் ஊர்ப்புறத்துச் சோலையிலும் உறைந்த பறவைகளையே தமக்குப் பாடநூலாகக் கொண்டு கற்றவர் அவர். அவர் கையாண்ட முறைகளுள் பெரும்பாலானவை பத்து வயதுச் சிறுவனும் சிறுமியும் தம் இல்லத்தில் இருந்தவாறே செய்யத்தக்கவை. அவர் அடைந்த வெற்றியேயன்றி, அவர்க்கு நேர்ந்த ஒரு பெரும் பிழையும் நமக்குப் பாடமாகின்றது. ஆதலின் அவர்தம் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிறப்பும் கல்வியும்

லண்டன் மாநகர்க்குத் தென்மேற்கே ஏறக்குறைய ஐம்பது மைல் தொலைவில், ஹாம்ப்ஷயர் ஜில்லாவில், செல்போர்ன் என்னும் சிற்றூர் உள்ளது. ஊரை அடுத்துச் சுண்ணாம்புக் குன்று ஒன்று செங்குத்தாக உயர்ந்து நிற்கும். அதன் சரிவு முழுதும் பீச் மரங்கள் அடர்ந்திருக்கும். அக்காலத்தில் அவ்வூரில் வாழ்ந்த மக்கள் எழுநூற்றுவர்க்கும் குறைவானவரே. இவ்வூர்க் குருமனையில் 1720-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 18-ஆம் நாள் கில்பர்ட் வைட் பிறந்தார். அவருடைய பாட்டனார் அவ்வூர்க் கோயிலின் குருவாக இருந்தவர். பாட்டனார் பெயரே பேரனுக்கும் இடப்பட்டது. பாட்டனார் மறைந்தபின் குடும்பம் கோயிலுக்கு எதிரே இருந்த வேறொரு வீட்டிற் குடியேறியது. பிற்காலத்தில் 'வேக்ஸ்' என்று வழங்கப்பெற்ற அவ்வீடே கில்பர்ட்டின் வாழ்க்கைக்கு நிலைக்களமாயிற்று.

இளமையில் பேசிங்ஸ்டோக் என்னும் ஊரிற் பயின்று, பின்னர் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் ஓரியல் கலாசாலையைச் சேர்ந்தார். 1743-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே அக்கலாசாலையின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1752-இல் சர்வகலாசாலையின் ஒழுங்கு காக்கும் உயர்பதவி ஒன்றும் அவர்க்குக் கிடைத்தது. குருப்பட்டமும் பெற்றிருந்தமையால், சபையிலோ கலாசாலையிலோ உயர்ந்த நிலையை அடைவதற்கு வேண்டிய வாயில்கள் யாவும் அவர்க்குத் திறந்திருந்தன.

ஆயினும் அவர் உள்ளம் செல்போர்னையே நாடியது. தம் ஊர்க் கோயிலுக்கே தலைமைக் குருவாக வேண்டுமென்னும் ஆசை இருந்தும் அஃது ஈடேறவில்லை. அப்பதவியை அளிக்கும் உரிமை மற்றொரு கலாசாலைக்கு உரியதாயிருந்தது. ஆகவே அண்டை ஊராகிய பாரிங்டனில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உதவிக் குருவாக ஊழியம் செய்தார். 1784 முதல் இறுதிவரை தம் சொந்த ஊரிலும் உதவிக் குருவாகவே பணிபுரிந்தார். வெளியூர்களிற் கிடைக்கத்தக்க பெரிய பதவிகளைத் தேடி அவர் ஊரைவிட்டுச் செல்லவில்லை. உலகம் உயர்வு என்று எண்ணுவதை அவர் இழந்தார் என்பது உண்மை. அவ்விழப்பே அவரை ஒரே தோட்டத்தையும் ஒரே கோயிற் கூரையையும் நாற்பது ஆண்டுகள் இடைவிடாது நோக்கச் செய்தது என்பதும் உண்மையே.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. எனினும் அவர் இல்லம் தனிமையுற்றிருந்ததில்லை. தம்பியர், தங்கையர், அவர்தம் மக்கள் ஆகியோர் வந்துபோகும் இடமாக அவ்வீடு விளங்கிற்று. ஜிப்ரால்டர்க் கோட்டையிற் குருவாக இருந்த தம்பி ஜான் என்பவர் தம் மகனை இங்கிலாந்துக்கு அனுப்பியபோது, வைட் அச்சிறுவனைத் தம் வீட்டில் வைத்துக் கல்வி கற்பித்தார். அவன் பெரியப்பாவின் எழுத்து வேலைகளுக்குத் துணையாயிருந்தான். தோட்டத்தில் நடந்த ஆராய்ச்சி வீட்டுப் பிள்ளைகள் கண்முன்னேயே நடந்தது.

நாட்குறிப்பு

வைட்டின் ஆராய்ச்சி தோட்ட வேலையில் தொடங்கிற்று. 1751-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஒரு தோட்டக் குறிப்பேடு எழுதலானார். இன்ன நாளில் இன்ன விதை இட்டேன், இன்ன நாளில் முளைத்தது, பனி பெய்தது, முலாம்பழம் பழுத்தது என்பன போன்ற எளிய செய்திகளே அதிற் காணப்படும். நாளடைவில் செடியைக் குறித்த கை, அச்செடியில் வந்தமர்ந்த பறவையையும் குறிக்கத் தொடங்கியது.

1768-ஆம் ஆண்டு முதல் அவர்க்கு ஒரு புதிய துணை கிடைத்தது. டெயின்ஸ் பாரிங்டன் என்னும் நியாயவாதியார், இயற்கையை நோக்குவோர்க்குப் பயன்படுமாறு கட்டமிட்ட அச்சேடு ஒன்றை வகுத்திருந்தார். வெப்பமானியின் அளவு, காற்றின் திசை, மழை, இலை துளிர்த்த மரம், மலர்ந்த பூ, முதலில் தோன்றிய அல்லது மறைந்த பறவை என ஒவ்வொன்றிற்கும் தனித்தனிக் கட்டம் அதில் உண்டு. வைட் அவ்வேட்டை நிரப்பத் தொடங்கி, இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து எழுதினார். 1793-ஆம் ஆண்டு ஜூன் மாதம், தாம் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்புவரை அதனை அவர் கைவிடவில்லை.

ஒரு நாட் குறிப்பினால் விளையும் பயன் யாது என்று ஒருவர் வினவலாம். ஒரு நாளைக்குரிய குறிப்புத் தனித்து நிற்கையில் அற்பமே. இன்று ஒரு தகைவிலான் குருவியைக் கண்டேன் என்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் முதற் குருவி வந்த நாளை இருபத்தைந்து ஆண்டுகள் குறித்து வைத்தால், வசந்தம் எந்த ஆண்டு முந்தியது, எந்த ஆண்டு பிந்தியது, குளிருக்கும் குருவியின் வருகைக்கும் உள்ள தொடர்பு யாது என்பன தாமே புலப்படும். வைட்டின் முதிய வயதில் அவரோடு கடிதத் தொடர்பு கொண்ட ராபர்ட் மார்ஷம் என்பவர் நார்போக்கில் 1736 முதல் இவ்வாறே வசந்தத்தின் அறிகுறிகளைக் குறித்து வந்தார். அவர் சந்ததியார் 1958 வரை அதனைத் தொடர்ந்தனர். பூமியின் வெப்பம் ஏறிவருவதை ஆராயும் அறிஞர் இக்காலத்தில் அப்பழைய ஏடுகளைத் தேடி எடுத்துப் பயன்படுத்துகின்றனர். எழுதியவர் எதிர்பாராத கேள்விக்கும் உண்மையான குறிப்பு விடை தரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

செவியாற் கண்ட மூன்று பறவைகள்

வைட்டின் புகழ்பெற்ற கண்டுபிடிப்புக்களுள் ஒன்று அவர் செவியால் விளைந்தது. வசந்த காலத்தில் இங்கிலாந்துக்கு வரும் சிறிய கதிர்க்குருவிகள் சில உண்டு. பச்சையும் மஞ்சளும் கலந்த அவற்றின் நிறம் இலைகளின் நிறத்தோடு ஒத்திருத்தலாலும், அவை ஒரு கணமேனும் ஓரிடத்தில் நில்லாமையாலும், அறிஞரும் அவற்றைத் தெளிவாகப் பிரித்தறியாது மயங்கினர். வைட் மரநிழலில் நின்று அவற்றின் ஒலியைக் கூர்ந்து கேட்டார். ஒன்று 'சிப் சாப்' என்று இரண்டு கூரிய ஒலிகளையே மாறிமாறி ஒலித்தது. மற்றொன்று மேலிருந்து படிப்படியாக இறங்கிவரும் இனிய இசையைப் பாடியது. மூன்றாவது உயர்ந்த மரங்களின் உச்சியில் இருந்துகொண்டு, வெட்டுக்கிளி அரற்றுவது போன்ற நடுங்கொலியை எழுப்பியது. ஒலி மூன்றாயின் பறவையும் மூன்றாதல் வேண்டும் என்று அவர் ஐயுற்றார்.

ஐயத்தோடு நின்றுவிடாமல், மூவகையிலும் ஒவ்வொன்றைப் பெற்று அருகருகே வைத்துப் பார்த்தார். அளவில் மூன்றும் படிப்படியாக வேறுபட்டிருந்தன. மிகச் சிறியதன் கால் கருநிறமாயும், ஏனை இரண்டின் கால்கள் ஊன்நிறமாயும் இருந்தன. உச்சியிற் பாடும் பெரிய பறவையின் சிறகிறகுகளின் நுனி வெண்மையாக இருந்தது. இவ்வேறுபாடுகளை அவர் 1768-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தாமஸ் பென்னன்ட் என்னும் இயற்கைநூல் ஆசிரியர்க்கு எழுதிய கடிதத்தில் விளக்கினார். அக்காலத்துப் பறவைநூலார் யாவரும் செய்தவாறு வைட்டும் ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டு வீழ்த்தியதுண்டு என்பதை மறைத்தல் தகாது. ஆனால் வேற்றுமையை அவர்க்கு முதலில் உணர்த்தியது துப்பாக்கியன்று, செவியே. இன்று தொலைநோக்காடியும் ஒலிப்பதிவும் இருத்தலின், ஒரு குருவியையும் கொல்லாது அவ்வாராய்ச்சியை எவரும் செய்யலாம்.

ஓசையில் அவர்க்கிருந்த ஆர்வம் பெரிது. அயலார் ஒருவர் சுருதி சேர்க்கும் ஊதுகுழலைக் கொண்டு ஆந்தைகளின் குரல் எந்தச் சுருதியில் அமைந்துள்ளது என்று சோதித்ததையும், குயில்களின் கூவுதல் பறவைக்குப் பறவை சுருதி வேறுபட்டதையும் அவர் ஆவலோடு குறித்து வைத்தார். தேனீக்கட்குச் செவிப்புலன் உண்டோ என்று அறிய, ஒலிபெருக்கும் பேசுகுழாயை அவற்றின் கூட்டருகே பிடித்து உரக்கக் கூவியும் பார்த்தார். தேனீக்கள் சிறிதும் பொருட்படுத்தாது தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. இக்காட்சியைக் கண்ட ஊரார் என்ன நினைத்தனரோ! விளையாட்டுப் போலத் தோன்றும் செயலும் ஒரு கேள்வியை உள்ளத்திற் கொண்டு செய்யப்படுமாயின் சோதனையாகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கடிகாரமும் தராசும்

செல்போர்ன்க் கோயிலின் இறவாரத்தின்கீழ் ஆண்டுதோறும் ஓர் இணை வெண்கூகை குஞ்சு பொரித்து வந்தது. சூரியன் மறைவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே அவை இரைதேடப் புறப்படும். வைட் கையிற் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அவற்றையே நோக்கி நின்றார். இரண்டினுள் ஒன்று ஏறக்குறைய ஐந்து நிமிஷத்திற்கு ஒருமுறை இரையோடு கூட்டிற்குத் திரும்பியது. இன்னுமொரு நுட்பத்தையும் அவர் கண்டார். எலியைக் காலிற் பற்றிவரும் பறவை கூட்டிற்கு ஏற வேண்டுமாயின் கால் வெறுமையாதல் வேண்டும் அன்றோ? ஆதலின் அது முதலிற் கூரையின்மேல் அமர்ந்து, எலியைக் காலினின்று அலகிற்கு மாற்றிக்கொண்டு, அதன்பின்னரே இறவாரத்துள் ஏறியது. கடிகாரம் ஒன்றும் பொறுமையும் அன்றி இச்சோதனைக்கு வேறு கருவி வேண்டியதில்லை. கூகை குடிகேடு விளைக்கும் என்று அஞ்சுவார் எந்நாட்டிலும் உளர். மணிக்குப் பன்னிரண்டு முறை இரைகொண்டு வரும் அப்பறவை உழவனுக்கு எத்துணை நண்பன் என்பதை எண்கள் தாமே கூறும்.

நிறுத்துப் பார்த்தலும் அவர்க்கு விருப்பமான செயல். இங்கிலாந்தில் அதுவரை நூலார் குறித்திராத கதிர்ச்சுண்டெலியை முதலில் விளக்கியவர் அவரே. வளர்ந்த சுண்டெலிகள் இரண்டைத் தராசிலிட்டபோது, அரைப்பென்னிச் செப்புக்காசு ஒன்றே அவ்விரண்டிற்கும் நிறையாக நின்றது. நாணயத்தோடு ஒப்பிட்டுக் கூறியதனால், சுண்டெலியைக் காணாதவரும் அதன் சிறுமையை உடனே உணர்ந்தனர்.

1780-இல் அவருடைய அத்தை ஒருவர் காலஞ்செல்லவே, அவர் வளர்த்த தரையாமை ஒன்று வைட்டின் உடைமையாயிற்று. 'திமோதி' என்னும் பெயருடைய அவ்வாமையை அவர் தம் தோட்டத்திற் கொண்டுவந்து விட்டார். அது மண்ணிற் புதைந்து உறங்கத் தொடங்கும் நாளையும் விழித்து வெளிவரும் நாளையும் குறித்தார். அவ்வப்போது அதனை நிறுத்துப் பார்த்தார். நீந்துமோ என்றறியத் தொட்டி நீரிலும் விட்டார். அதுவோ நீந்தாமல் அடியில் ஆழ்ந்து தரையில் நடந்தது. பிற்காலத்தில் அதன் ஓடு லண்டன் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்தபின், திமோதி என்று ஆண் பெயரால் அழைக்கப்பட்ட அவ்வாமை பெண்ணாமை என்பது தெரியவந்தது! நோக்குதலில் வல்லவர்க்கும் தம் முற்றத்திலேயே அறியாத பொருள் ஒன்று இருத்தல் கூடும் என்பதற்கு இஃது ஓர் இனிய சான்று.

கூரையில் உறைந்த விருந்தினர்

எல்லாப் பறவைகளிலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தவை வசந்தத்தில் வந்து கார்த்திகைக்கு முன் மறையும் தகைவிலான் இனத்துப் பறவைகளும், அவற்றைப் போன்றே பறக்கும் உழவாரனுமே. இவற்றைப் பற்றி அவர் எழுதியவை 1774, 1775-ஆம் ஆண்டுகளில் ராயல் சங்கத்தில் படிக்கப்பெற்று அதன் வெளியீட்டிலும் பிரசுரமாயின.

மார்ட்டின் என்னும் சுவர்த்தகைவிலான் வீட்டு இறவாரத்தின் அடியில் சேற்றால் கூடு கட்டுவது. சேறு ஈரமாயிருக்கையிலேயே மேலும் மேலும் அப்பினால் பாரம் தாங்காது விழுந்துவிடும். ஆதலின் அப்பறவை காலையில் மட்டும் கட்டி, நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை அங்குலமே உயர்த்தி, எஞ்சிய பொழுதெல்லாம் சுவர் காய்வதற்கு விட்டுவிடும் என்பதை வைட் கண்டார். பத்துப் பன்னிரண்டு நாட்களில் அரைக்கோள வடிவான கூடு முடிவுபெறும். மண்சுவர் வைக்கும் கொத்தரும் இம்முறையையே கையாளுவர் என்று அவர் ஒப்பிட்டார். சில வேளைகளில் கூடு முடிந்தவுடன் வீட்டுச் சிட்டுக்குருவி வந்து, கட்டியவனைத் துரத்திவிட்டுக் குடியேறும் அநீதியையும் அவர் எழுதாது விடவில்லை.

உழவாரன்களை அவர் ஆண்டுதோறும் எண்ணினார். ஊரில் எட்டு இணைகளே எப்பொழுதும் இருந்தன. அவற்றுட் பாதி கோயிலிலும், ஏனையவை ஏழை மக்களின் தாழ்ந்த கூரைவீடுகளிலும் தங்கின. அப்பறவை கோடையில் ஒருமுறையே முட்டையிடும் என்பதையும், அது பெரும்பாலும் இரண்டு முட்டையே என்பதையும் அவர் அறிந்திருந்தார். எட்டு இணையும் ஆண்டுதோறும் குஞ்சு பொரித்தால் தொகை பெருகுதல் வேண்டும் அன்றோ? பெருகவில்லையே, மிகுதியானவை எங்கே போயின என்று அவர் வினவினார். உயிர்த்தொகை ஏன் ஓர் எல்லையில் நிற்கின்றது என்பது பிற்கால உயிர்நூலின் பெருங்கேள்விகளுள் ஒன்றாயிற்று. விரல்விட்டு எண்ணிய எட்டு இணைப் பறவைகளிலிருந்து அவர் அக்கேள்வியை எழுப்பினார்.

தீராத ஐயம்

நிற்க. இப்பெரியாரை வாழ்நாள் முழுதும் வருத்திய ஐயம் ஒன்றுண்டு. குளிர்காலத்தில் தகைவிலான்கள் எங்கே செல்கின்றன? அவை வெப்ப நாடுகளுக்குப் பறந்து செல்கின்றன என்று பென்னன்ட் போன்றோர் கூறினர். அவை ஏரி குளங்களின் அடியில் மூழ்கியோ பொந்துகளில் ஒடுங்கியோ உறங்குகின்றன என்று மற்றும் பலர் நம்பினர். உயிரினங்களுக்கெல்லாம் முறையாகப் பெயர் வகுத்த லின்னேயஸ் என்னும் பேரறிஞரும் நீரில் மூழ்கும் கொள்கையை ஏற்றிருந்தார். பாரிங்டனோ, பறவைகள் கடல் கடந்து செல்கின்றன என்பதையே வன்மையாக மறுத்தார்.

வைட்டின் தம்பி ஜான், ஜிப்ரால்டரில் இருந்தபடியால், தகைவிலான் இனத்துப் பறவைகள் கூட்டங்கூட்டமாக ஜலசந்தியைக் கடந்து பருவத்திற்கேற்பத் தெற்கும் வடக்குமாகச் செல்வதை அறிந்து தமையனார்க்குத் தெரிவித்தார். இதனினும் வலிய சான்று வேறென்ன வேண்டும்? வைட்டும் பல பறவைகள் கடல் கடந்து செல்கின்றன என்பதை ஒப்புக்கொண்டார். ஆயினும் அவர் உள்ளம் முழுதும் தெளியவில்லை. என்னை? நவம்பர் மாதத்தில், மற்றவை மறைந்து பல நாட்கள் கழிந்தபின், வெயில் தோன்றிய ஒரு பகலில் சில குஞ்சுப் பறவைகள் திடீரென வெளிப்படுவதை அவர் தம் கண்ணாற் கண்டிருந்தார். வசந்தத்திலும் ஒன்றிரண்டு முன்னதாக வந்து, குளிர் மிகுந்தால் மறைந்துவிடும். இவை தொலைவிலிருந்து வந்தனவாயின் இவ்வளவு விரைவாக வந்து மறைதல் எங்ஙனம்? சில பறவைகளேனும் குன்றின் புதர்களிலும் பொந்துகளிலும் ஒளிந்து உறங்குகின்றன போலும் என்று அவர் எண்ணினார். 1781-ஆம் ஆண்டின் வசந்தத்தில் ஆட்களை அமர்த்தி, பீச் மரச் சரிவிலுள்ள புதர்களையும் குழிகளையும் தேடச் செய்தார். ஒரு பறவையும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதை அவரே எழுதி வைத்தார். எனினும் ஐயம் அவரை விட்டு நீங்கவில்லை.

ஆண்டுதோறும் தம் வீட்டருகே வாழும் அன்பிற்குரிய விருந்தினர் ஆறு மாதம் தம்மைவிட்டுப் பிரிந்து எங்கோ செல்கின்றனர் என்பதைவிட, எதிரேயுள்ள குன்றிலேயே உறங்குகின்றனர் என்று எண்ணுதல் அவர்க்கு இனிமையாயிருந்தது போலும். விருப்பம் அறிவை மறைத்தல் மக்கட்கு இயல்பே. ஆயின் வைட்டின் பெருமை எதிற் காணப்படுகின்றது எனின், தம் கொள்கைக்கு ஒவ்வாத செய்தியையும் மறையாது எழுதியதில் காணப்படுகின்றது. தம்பி அனுப்பிய சான்றும், ஆட்கள் வெறுங்கையோடு திரும்பிய செய்தியும் அவர் நூலில் அவ்வாறே உள்ளன. பிழையான முடிவை உடைய நூலொன்று தன்னைத் திருத்துதற்கு வேண்டிய கருவியையும் தன்னகத்தே கொண்டிருக்குமாயின், அதனைக் குறைவுடைய நூல் என்று கூற யாம் துணியோம்.

விடை வந்த வகை

கேள்விக்கு விடை காண வேண்டுமாயின் ஒரு பறவையைத் தனியே அடையாளம் காணுதல் வேண்டும். ஜெர்மனி தேசத்து பிரிஷ் என்பவர் வைட்டின் இளமைக் காலத்திலேயே, நீரிற் கரையும் சாயம் தோய்த்த நூலைத் தகைவிலான்களின் காலிற் கட்டிவிட்டார். மறு ஆண்டு திரும்பிய பறவைகளின் காலில் சாயம் கரையாதிருக்கக் கண்டு, அவை நீருக்குள் வாழவில்லை என்று தெளிந்தார். எனினும் அவை சென்ற இடத்தை அந்நூல் கூறவில்லை. 1899-இல் டென்மார்க்கு தேசத்தில் மார்டென்சன் என்னும் பள்ளி உபாத்தியாயர், மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளின் காலில் எண்ணும் விலாசமும் பொறித்த அலுமினிய வளையங்களை இட்டுப் பறக்கவிட்டார். இம்முறை 1909-இல் இங்கிலாந்திலும் தொடங்கிற்று.

1911-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஸ்டாபோர்டுஷயரில் சீடில் என்னும் ஊரில், ஒரு வழக்கறிஞர் தம் இல்லத்திற் கூடு கட்டியிருந்த தகைவிலான் ஒன்றிற்கு வளையம் இட்டார். 1912-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 23-ஆம் நாள், தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பகுதியில், உத்திரெக்ட் என்னும் ஊரை அடுத்த பண்ணைவீடு ஒன்றில் அப்பறவை பிடிபட்டது. வளையத்திற் கண்ட லண்டன் விலாசத்திற்குக் கடிதம் வந்தது. ஆறாயிரம் மைல் தொலைவு! வைட் மறைந்து 119 ஆண்டுகள் கழிந்தபின் அவர் வினாவிற்கு ஐயத்திற்கிடமில்லாத விடை கிடைத்தது. அவ்விடையும் ஒரு வீட்டில் தொடங்கி மற்றொரு வீட்டில் முடிவுற்றது என்பது நோக்கத்தக்கது.

நூலும் முடிவும்

வைட் பென்னன்ட்டிற்கும் பாரிங்டனுக்கும் எழுதிய கடிதங்கள் பல ஆண்டுகளாகத் திரண்டு கிடந்தன. நண்பர் பலர் தூண்டியும், அவர் அவற்றை வெளியிட விரையாது திருத்திக்கொண்டே இருந்தார். இறுதியில் லண்டனில் புத்தக வியாபாரம் செய்த தம்பி பெஞ்சமின், 1789-ஆம் ஆண்டில் அவற்றை 'செல்போர்னின் இயற்கை வரலாறும் பழமையும்' என்னும் பொருள்படும் பெயரோடு பிரசுரித்தார். ஆசிரியர்க்கு அப்பொழுது வயது அறுபத்தெட்டு. அந்நூல் அன்று முதல் இன்று வரை பதிப்புமேற் பதிப்பாக வெளிவந்துகொண்டே இருக்கின்றது. இளமையில் அதனைப் படித்த சார்லஸ் டார்வின், ஒவ்வொருவரும் பறவைநூலார் ஆகாதிருப்பது ஏனோ என்று வியந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றிற் குறித்துள்ளார்.

1793-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26-ஆம் நாள் வைட் தம் இல்லத்திலேயே காலமானார். கோயில் முற்றத்தில் அவரை அடக்கம் செய்த இடத்தில் சிறு கல் ஒன்றே நிற்கின்றது. பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டும், மறைந்த நாளும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அவர் வாழ்ந்த வீடு இப்பொழுது பொருட்காட்சிசாலையாக விளங்குகின்றது.

அவர் எண்ணிய உழவாரனும் மார்ட்டினும் 2021-ஆம் ஆண்டில் பிரிட்டனின் அழிவுக்கு அஞ்சத்தக்க பறவைகளின் செம்பட்டியலிற் சேர்க்கப்பட்டன. முன்னோர் எண்ணி வைத்திராவிடின் குறைவை நாம் அறிவது எங்ஙனம்? ஆதலின் எண்ணும் வேலை இன்று சிறுவர் கையிலும் ஒப்படைக்கப்பட்டுள்ளது. 1979-இல் பிரிட்டனின் ராயல் பறவைப் பாதுகாப்புச் சங்கம் சிறுவர்க்கென ஒரு குளிர்கால விளையாட்டைத் தொடங்கியது. ஒரு மணி நேரம் வீட்டுத் தோட்டத்தை நோக்கி, வந்த பறவைகளை எண்ணி எழுதியனுப்புதலே அவ்விளையாட்டு. இன்று அது பல இலக்ஷம் மக்கள் கலந்துகொள்ளும் பெருங் கணக்கெடுப்பாக வளர்ந்துள்ளது. தமிழ்நாட்டிலும் 2015 முதல் பொங்கல் விடுமுறையிற் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் தோன்றியுள்ளது.

மாணவ நண்பர்களே! உங்கள் இல்லத்தில் தம்பி தங்கையர் இருப்பின், விடுமுறையில் அவர்களோடு இவ்வாராய்ச்சியைத் தொடங்குங்கள். முற்றத்தில் ஓரிடத்தைத் தெரிந்துகொண்டு, நாள்தோறும் ஒரே வேளையில் கால்மணி நேரம் அமருங்கள். ஒரு குறிப்பேட்டில் நாளும் நேரமும் இட்டு, வந்த காக்கை எத்தனை, மைனா எத்தனை, தவிட்டுக்குருவி எத்தனை என எண்ணி எழுதச் செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எத்தனை வகை ஒலி கேட்கின்றது என்று கணக்கிடச் சொல்லுங்கள். தாழ்ந்த சட்டியில் நீர் வைத்து, நாள்தோறும் அதனை மாற்றி, எப்பறவை குடிக்கின்றது, எப்பறவை குளிக்கின்றது என்று நோக்குங்கள். கூடு ஒன்று தென்படின் நெருங்காது தொலைவில் நின்று, தாய்ப்பறவை எத்தனை நிமிஷத்திற்கு ஒருமுறை இரைகொண்டு வருகின்றது என்று கடிகாரத்தாற் காணுங்கள். முட்டையையோ குஞ்சையோ தொடலாகாது. வளையம் இடுதல் பயிற்சியும் உத்தரவும் பெற்றோர்க்கே உரியது. குழந்தை தான் எண்ணியதைவிடக் கூட்டியும் குறைத்தும் எழுதாதவாறு காத்தல் ஒன்றே நீங்கள் செய்ய வேண்டிய பெரிய உதவி. ஒன்றும் வரவில்லையெனின் ஒன்றும் வரவில்லை என்றே எழுதட்டும்.

பெரிய பதவி ஒன்றும் அடையாது, சொந்த ஊரைவிட்டு நீங்காது, தாம் கண்டதைக் கண்டவாறே எழுதிச் சென்றார் கில்பர்ட் வைட். தாம் அறியாததை அறியாதவாறே விட்டுச் சென்றார். அவ்வெற்றிடத்தைப் பின்வந்தோர் நிரப்பினர். நம் முற்றத்துப் பறவைகளைப் பற்றி நிரப்பப்படாத கட்டங்கள் இன்னும் பல உள. அவற்றுள் ஒன்றையேனும் நம் இல்லத்துச் சிறுவர் நிரப்புவராக.